முன்மாதிரி நடையர்

ஜப்பான்காரர்கள் பினாங்கை ஆண்ட காலத்தில், ஆபீசுக்கு வரச்சொல்லி ஒருவருக்கு ஆள் வந்தால், அவர் முதலில் மனைவியிடம் விடைபெற்றுக்கொள்வது வழக்கம். பழனியப்பனும் அதற்குத்தான் முயன்றார். வாய் உலர்ந்து போயிருந்ததால் "வர்றேன்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை.

"எதுக்குக் கூப்புடுறாங்களாம்?" என்றாள் மீனாட்சி.

"தெரியல."

"பக்கிரி விசயமா?"

"சத்தம் போடாத."

பக்கிரிசாமி மீனாட்சியின் தம்பி. கடலுக்கு அக்கரையில், சுங்கை பாக்காப் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவன். ஒருநாள் தோட்டத்து ஜனங்களுக்கு இலவச சினிமா காட்டுவதாக அறிவிப்பு வந்தது. எல்லோரும் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்ததும் வெளியே கதவைச் சாத்திவிட்டு, ஆண்பிள்ளைகளை லாரியில் ஏற்றினார்கள். சயாமில் ரயில் பாதை போடுவதற்கு. பக்கிரிசாமி லாரியிலிருந்து குதித்து, மீன்காரச் சம்பான் படகு ஒன்றில் பதுங்கித் தீவுக்கு வந்து, தண்ணீர்மலைக்குப் பின்னால் இருக்கும் காட்டில் ஏறிக்கொண்டான். ரயில் வேலைக்குப் பிடித்த இடத்திலிருந்து ஓடியவனுக்கு என்ன தண்டனை என்று ஊரில் யாரும் பேசுவதில்லை. ஒளித்து வைத்தவனுக்கு என்ன தண்டனை என்பதை நினைப்பது கூடக் கிடையாது.

பழனியப்பன் துறைமுகக் கிடங்கில் கிராணி, அதாவது குமாஸ்தா. சைக்கிளை ஜப்பான்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டதால், வாரத்துக்கு ஒருமுறை கடற்கரையிலிருந்து காடுவரை நடந்தே போவார். வாழையிலையில் சுற்றிய அவித்த மரவள்ளிக்கிழங்கு கையில் இருக்கும். ஓடையருகே ஒரு பெரிய பாறை. அதன் பக்கத்தில் நின்று செம்போத்துப் பறவை கத்துவதுபோல் "பூப், பூப், பூப்" என்று அடிவயிற்றிலிருந்து குரல் கொடுப்பார். மேலே புதரை விலக்கிக்கொண்டு மச்சினன் இறங்கி வருவான். கிழங்கை வாங்கிக்கொண்டு மறுபடி ஏறிவிடுவான். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்றுதான் பழனியப்பன் நம்பியிருந்தார்.

ஓர் ஒற்றன் பார்த்திருந்தான். பாறைவரை பின்தொடர்ந்தவன், காலில் அட்டை ஏறவே பயந்து திரும்பி, பார்த்த அளவுக்கு அறிக்கை எழுதிவிட்டான். அறிக்கை கெம்பித்தாய் என்னும் ராணுவப் போலீசுக்குப் போனது. அங்கே அவர்களுக்கு வேலை அதிகம். அறிக்கையில் 'நடக்கிறான்' என்ற சொல் இருந்ததால், அதைக் கடற்கரையோரம் புதிதாகத் திறந்திருந்த மக்கள் நடைக் காரியாலயத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் காரியாலயத்தின் தலைவர் ஹமாசாகி. இடுப்பில் வாள், மூக்கில் வட்டக் கண்ணாடி. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளராகவும் காரியதரிசியாகவும் விஸ்வலிங்கம் நின்றிருந்தார். விஸ்வலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர்; தமக்குக் கீழே உள்ளவர்களை 'ஐசே' என்று விளிப்பவர். வெள்ளைக்காரன் காலத்தில் இதே ஊரில் தலைமைக் கிராணியாக இருந்து, மன்னரின் பிறந்தநாள்தோறும் வாழ்த்துரை வாசித்தவர். இப்போது வேறு மன்னரின் பிறந்தநாளுக்கு வாசிக்கிறார். தேதியும் மொழியும்தான் மாறின. குரல் மாறவில்லை.

"நீர் வாராவாரம் கடக்கரையில இருந்து தண்ணிமலைக் காட்டுக்கு நடக்கிறீராம். உண்மையோ?" என்றார் விஸ்வலிங்கம்.

பழனியப்பனுக்கு முழங்கால் தனியாக ஆடத் தொடங்கியது. "ஆமாங்க ஐயா."

"ஏன்?"

வரும் வழியெல்லாம் ஏதேதோ பொய் யோசித்து வைத்திருந்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "நடக்கணும்னுதாங்க ஐயா," என்றார்.

விஸ்வலிங்கம் அதை ஜப்பானிய மொழியில் சொன்னார். ஹமாசாகி நாற்காலியிலிருந்து எழுந்தார். அறைவதற்குத்தான் எழுகிறார் என்று பழனியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். அறை விழவில்லை. கண்ணைத் திறந்தபோது ஹமாசாகியின் கண்கள் கலங்கியிருந்தன.

"துரை கேக்கிறார், நடக்கச் சொல்லி ஒருத்தரும் உத்தரவு போடாமலே நீரா நடக்கிறீரோ எண்டு."

"ஆமாங்க."

கடலிலிருந்து காட்டுக்கு ஒரு நடைபாதை அமைத்து, அதில் மக்கள் மகிழ்ச்சியோடு நடக்கிறார்கள் என்று மேலிடத்துக்குத் தெரிவிப்பதுதான் காரியாலயத்தின் கடமை. பாதை போட ஆள் பிடித்தாயிற்று. மகிழ்ச்சியோடு நடக்கிற ஒருவர்தான் ஊரில் அகப்படவில்லை. இதோ, அகப்பட்டுவிட்டார்.

ஆனாலும் அறிக்கையில் சில சந்தேகங்கள் இருந்தன. விஸ்வலிங்கம் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"கிழங்கு கொண்டு போறீராம். திரும்பி வரேக்க கை வெறுமையாம். ஏன்?"

"கையில பாரம் இருந்தாத்தாங்க நடை நிதானமா இருக்கும். அப்புறம் அத மலைக்கு... மலைக்குக் காணிக்கையா வச்சிருவேன்."

"பாறைக்குப் பக்கத்தில நிண்டு செம்போத்து மாதிரிக் கத்திறீராமே, அதென்ன ஐசே?"

"மூச்சுக்குங்க. நெஞ்சு சுத்தமாவும்."

இதெல்லாம் மொழிபெயர்க்கப்பட்டபோது ஹமாசாகி மேசையில் ஓங்கித் தட்டினார். பழனியப்பன் துள்ளிவிட்டார். அது பாராட்டு என்று விஸ்வலிங்கம் விளக்கினார். அன்று மாலைக்குள் மூன்று பொய்களும் விதிகளாகிவிட்டன. பாதையில் நடக்கும் ஒவ்வொருவரும் அவித்த மரவள்ளிக்கிழங்கு ஏந்திச் செல்ல வேண்டும். பாறையருகே செம்போத்துக் குரல் எழுப்ப வேண்டும். கிழங்கை மலைக்கு வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். வழியில் தின்பது குற்றம்.

பழனியப்பனின் கையில் ஒரு பட்டை கட்டப்பட்டது. அவர் இனி 'முன்மாதிரி நடையர்'.

"இதில ஏதும் பிழை வந்தால்?" என்று கேட்டுவிட்டார் அவர், வாய் தவறி.

விஸ்வலிங்கம் மொழிபெயர்த்தார். ஹமாசாகி சிரித்தார். சிரித்துக்கொண்டே வாளின் பிடியை லேசாகத் தட்டினார். அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மீனாட்சிக்கு உயிர் வந்தது. "அப்ப நல்லதுதானே. இனிமே தைரியமா போலாம். பட்டையே இருக்கே."

"அதான் இல்ல. பாதையைத் தெறக்கிற வரைக்கும் யாரும் அந்தப் பக்கம் போவக்கூடாதாம். புதுப்பாதை புதுசா இருக்கணுமாம்."

"நீங்க நடைக்காரரு ஆச்சே?"

"நான் முக்கியமா போவக்கூடாதாம். என் காலு இப்ப அரசாங்கக் காலு. தேஞ்சிறக் கூடாதாம்."

"அவன் அங்க பட்டினியா கெடப்பானே," என்றாள் மீனாட்சி.

பழனியப்பன் நாள்தோறும் காரியாலயத்துக்குப் போய், கூடத்துக்குள் சுற்றிச்சுற்றி நடந்து காட்ட வேண்டும் என்று உத்தரவு. நடையைக் கற்றுக்கொள்ள ஊர்ப் பெரிய மனிதர்கள் வரிசையாக நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்கள். வக்கீல்கள், சீன முதலாளிகள், பள்ளிக்கூட வாத்தியார்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவர் ஒருமுறை தடுக்கி விழப்போனார். நாற்காலியிலிருந்து எழுந்து அவர் பின்னால் நடந்து பழகிய பல் டாக்டர் ஒருவர் அதே இடத்தில் தானும் தடுக்கினார். அதுவும் நடையின் பகுதிதான் என்று அவர் நினைத்திருக்கிறார்.

நடக்கும்போதெல்லாம் பழனியப்பனுக்குக் காடு கண்ணுக்குள் நின்றது. கிழங்கு வராத வாரம் மச்சினன் என்ன நினைத்திருப்பான்? அடுத்த வாரமும் வராதபோது? இறங்கி வந்துவிடுவானோ என்று ஒரு பயம். இறங்கி வர இனிமேல் ஆளே இல்லையோ என்று அதைவிடப் பெரிய பயம். இரண்டும் மாறிமாறி வந்தன. கூடத்தைச் சுற்றுவதுபோல அவையும் நெஞ்சுக்குள் சுற்றின.

மீனாட்சியால் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் காலையில் முந்தானைக்குள் கிழங்கை மறைத்துக்கொண்டு அவளே புறப்பட்டுப் போனாள். மலையடிவாரத்தில் சிப்பாய் நிறுத்திவிட்டான். திரும்பி வந்தவளின் கன்னம் சிவந்திருந்தது.

"கெழங்கப் புடுங்கித் தின்னுட்டான்," என்று மட்டும் சொன்னாள்.

செம்போத்துப் பயிற்சி காலைதோறும் கடலோரத் திடலில் நடந்தது. கடிகாரங்கள் தோக்கியோ நேரத்துக்கு மாற்றப்பட்டிருந்ததால், அது காலை என்று கடிகாரம் சொல்லியதே தவிர, வானம் ஒப்புக்கொள்ளவில்லை. அரையிருட்டில் ஊர் முழுக்கத் திரண்டு நின்று "பூப், பூப்" என்றது.

"வயித்தில இருந்து வரவேணும்! தொண்டையில இருந்து வாறது வெள்ளைக்காரன் பழக்கம்!" என்று விஸ்வலிங்கம் வரிசைக்கு வரிசை ஓடிக் கத்தினார். குரல் கம்மியவர்களுக்குச் சிப்பாய்கள் அறை கொடுத்தார்கள். அறை வாங்கியவர்களின் குரல் உடனே தெளிந்தது.

ரொட்டி விற்றுக்கொண்டிருந்த யூசுப், மாவு கிடைக்காமல் கடையை மூடியவர், ஒருநாள் பழனியப்பனை ஓரமாக இழுத்துப் போனார். "அண்ணே, நீங்க பாட்டுக்கு நடந்தீங்க, சரி. எதுக்குலா இந்தக் கூவுற வேலையெல்லாம் சேத்து வச்சீங்க? என் பொண்டாட்டி தூக்கத்துல கூவுறா."

"மன்னிச்சிக்க யூசுப்பு," என்றார் பழனியப்பன். அவர் கண்ணில் தெரிந்த கிலியைப் பார்த்து யூசுப்பே கையை விட்டுவிட்டார்.

விதிப்படி பாதையின் இரண்டு முனையிலும் ஒரு காவலர் இருக்க வேண்டும். கடல் முனையில் ஒரு சிப்பாய் நின்றான். தலை வணங்காதவர்களை அறைவது அவன் பொறுப்பு. காட்டு முனைக்கு யாரும் போக மறுத்துவிட்டார்கள். அங்கே அட்டையும் பாம்பும் புலியும் இருப்பதாகப் பேச்சு. ஆனால் காட்டு முனைக் காவலர் நியமிக்கப்பட்டுவிட்டதாகவே மேலிடத்துக்குச் செய்தி போயிருந்தது. அவருக்குரிய அரிசியும் வந்துகொண்டிருந்தது. ஊரே கிழங்கு தின்றுகொண்டிருந்த நாட்களில், அந்த அரிசி மூட்டை ஒரு ரிக்‌ஷாவில் ஏறி விஸ்வலிங்கத்தின் வீட்டுப் பக்கம் போவதைப் பழனியப்பன் கூடத்தில் நடந்தபடியே பார்த்தார். உடனே பார்வையைத் தரைக்குத் திருப்பிக்கொண்டார்.

விஸ்வலிங்கமும் அவர் பார்த்ததைப் பார்த்துவிட்டார். "காவலர் காட்டில இருக்கிறபடியால அவற்ர அரிசியை நான் பத்திரமா வச்சிருக்கிறன். நீர் ஒண்டும் பாக்கேல்லை. விளங்குதோ?"

"ஒண்ணும் பாக்கலைங்க ஐயா."

"நடவும்."

பழனியப்பன் நடந்தார்.

திறப்பு விழா வந்தது. ஷோனானிலிருந்து, அதாவது சிங்கப்பூரிலிருந்து, ஒரு கர்னல் வந்திருந்தார். வயதானவர். முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை. அவர் எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அந்தப் பக்கத்துக் கூட்டம் காற்றில் சாயும் லாலான் புல்லைப்போல் குனிந்தது. கடலுக்கு எதிரே மேடை. ஆளுக்கொரு கிழங்குப் பொட்டலத்தோடு ஊர் நின்றது.

ஹமாசாகி பேச, விஸ்வலிங்கம் மேடைத் தமிழில் முழங்கினார்.

"பினாங்கு மக்களே! நாங்கள் வருவதற்கு முன்பு நீங்கள் ஏதாவது ஓர் இடத்துக்குப் போவதற்காகவே நடந்தீர்கள். அது சுயநலம். உங்களுக்குக் கால்கள் உண்டு என்பதையே மறந்திருந்தீர்கள். அதை நினைவூட்டவே உங்கள் மோட்டார் வண்டிகளை எடுத்துக்கொண்டோம். பிறகு சைக்கிள்களை எடுத்துக்கொண்டோம். நடப்பவனுக்கு உடல் பாரமாக இருக்கக் கூடாது என்பதால் அரிசியையும் எடுத்துக்கொண்டோம். இன்று நீங்கள் எவ்வளவு இலேசாக இருக்கிறீர்கள் என்று பாருங்கள்! இந்தப் பாதையில் நடக்கும்படி யாரும் வற்புறுத்தப்படவில்லை. வராதவர்கள் ஏன் வரவில்லை என்பதை அறிய அவர்கள் வீடுகளுக்குச் சிப்பாய்கள் அன்போடு போயிருக்கிறார்கள்."

கைதட்டினார்கள். எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் வெகுநேரம் தட்டினார்கள்.

பிறகு விஸ்வலிங்கம் தம் சார்பிலும் சில சொற்கள் பேசினார். "வெள்ளைக்காரருக்கு நான் கடைசி நாள்வரை விசுவாசமாக இருந்தேன். அவர்கள் கப்பல் ஏறிய மறுநாள் காலையிலிருந்து உங்களுக்கு அதே விசுவாசத்தோடு இருக்கிறேன். என் விசுவாசத்தில் ஒருநாள்கூட இடைவெளி விழுந்ததில்லை."

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் கர்னல், அவர் பக்கத்தில் முன்மாதிரி நடையர், பின்னால் ஊர். மெக்கலிஸ்டர் ரோடு நெடுக வெயில் ஏறிக்கொண்டே வந்தது. அவித்த கிழங்கின் மணம் பசித்த கூட்டத்துக்குள் சுற்றியது. பின்வரிசைகளில் பொட்டலங்கள் மெல்ல இளைத்துக்கொண்டிருந்தன. யூசுப் தம்முடையதில் கிழங்கிருந்த இடத்தில் கூழாங்கல்லை வைத்து மறுபடி சுற்றிக்கொண்டார். பழனியப்பன் எதையும் கவனிக்கவில்லை. தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டி, அருவித் தோட்டத்தைத் தாண்டி, மரநிழலுக்குள் நுழைந்தபோது அவர் மனதில் ஒரே ஒரு நினைப்புதான் ஓடியது. இத்தனை பேரும் சேர்ந்து மச்சினனைக் கூப்பிடப்போகிறார்கள்.

பாதை பாறையோடு முடிந்தது. கர்னல் நின்றார். சுற்றிலும் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

ஹமாசாகி விஸ்வலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தார். விஸ்வலிங்கத்தின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதைப் பழனியப்பன் அருகில் இருந்தே கண்டார். கர்னல் கேட்டது என்ன என்று அவருக்குப் பிறகுதான் தெரியவந்தது: காட்டு முனைக் காவலர் எங்கே?

முழங்கால் ஆடுவது தமக்கு மட்டும் உள்ள வியாதியில்லை என்பதைப் பழனியப்பன் அன்று பார்த்தார். விஸ்வலிங்கத்தின் கால்சராய் கொடிக்கம்பத்துத் துணிபோல் படபடத்தது. ஆனால் நாக்கு அவரைக் கைவிடவில்லை. காவலர் காட்டுக்குள் ரோந்து போயிருக்கிறார், கூப்பிட்டால்தான் வருவார், அதற்காகத்தான் இந்தச் செம்போத்துக் குரலே ஏற்பட்டது என்று அவர் சொல்லிவிட்டார். கூப்பிட்டும் வராவிட்டால் புலி தின்றுவிட்டது என்று சொல்லலாம். அவர் கணக்கு அது.

கர்னல் தலையசைத்தார். அப்படியானால் கூப்பிடுங்கள்.

"கூவும், ஐசே!" என்றார் விஸ்வலிங்கம்.

பழனியப்பன் வாயைத் திறந்தார். மச்சினனுக்கு அடையாளம் தெரியக்கூடாது என்று குரலை மாற்றி, மெல்லியதாக, கோழிக்குஞ்சு போல் ஏதோ கத்தினார்.

"என்ன இது! வயித்தில இருந்து!"

அதற்குள் ஊர் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. எத்தனையோ நாள் அறை வாங்கிப் பழகிய ஊர். காடு அதிர, இலை உதிர, ஓடையின் இரைச்சலே கேட்காதபடி "பூப்! பூப்! பூப்!" என்று அலறியது.

நின்றது. பதில் இல்லை. மேலே ஒரு கிளைகூட அசையவில்லை.

பழனியப்பனுக்கு மூச்சு வந்தது. தப்பித்தோம், அவன் வரவில்லை. அடுத்த நொடியே அந்த மூச்சு நின்றது. அவன் வரவில்லையென்றால், வர அவன் இல்லையென்றால், வீட்டுக்குப் போய் மீனாட்சியிடம் என்ன சொல்வது?

விஸ்வலிங்கம் துக்க முகத்தோடு "புலி..." என்று தொடங்கியபோது புதர் விலகியது.

பக்கிரிசாமி இறங்கி வந்தான். தலைமுடி தோள்வரை வளர்ந்திருந்தது. இடுப்பில் கோணிச்சாக்கு, கையில் ஒரு பாராங் கத்தி. பாதிவழியில் கூட்டத்தைப் பார்த்து அப்படியே நின்றான். ஓடுவதா நிற்பதா என்று தெரியாமல் பாறைக்கு மேலே நின்றுகொண்டு, தெரிந்த ஒரே முகத்தைப் பார்த்து, "மச்சான்...?" என்றான்.

முன்னால் நின்ற அதிகாரிகளில் அந்தச் சொல் விஸ்வலிங்கத்துக்கு மட்டும் புரிந்தது. அவர் பக்கிரிசாமியைப் பார்த்தார். பழனியப்பனைப் பார்த்தார். கிழங்கும் கூவலும் காணிக்கையும் எதற்கென்று அந்த ஒரு நொடியில் அவருக்கு விளங்கிவிட்டது. பழனியப்பன் கண்ணாலேயே கெஞ்சினார். ஆனால் விஸ்வலிங்கம் யோசித்தது அவரைப் பற்றியல்ல, அரிசி மூட்டைகளைப் பற்றி. அவர் கர்னல் பக்கம் திரும்பி, கையை நீட்டி, தெளிவான ஜப்பானிய மொழியில் அறிவித்தார்.

"இவர்தான் காட்டு முனைக் காவலர்."

கர்னல் காவலரை மேலும் கீழும் பார்த்தார். உடுப்பு எங்கே என்று கேட்டார். இதுதான் காட்டு உடுப்பு என்றார் விஸ்வலிங்கம். கர்னல் வேறொன்றைக் கவனித்திருந்தார். காவலர் எதிரில் வந்தும் இந்த முன்மாதிரி நடையர் தலை வணங்கவில்லை. வணங்காதவனைக் காவலர் ஏன் ஒன்றும் செய்யவில்லை?

விஸ்வலிங்கம் அதை இரண்டு பேருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார்.

பக்கிரிசாமிக்குத் தலைகால் புரியவில்லை. "என்னா மச்சான் சொல்றாரு?"

"என்ன அடிடா," என்றார் பழனியப்பன் உதடு அசையாமல்.

"என்னாது?"

"கன்னத்துல அடி. பலமா அடி. இல்லாட்டி ரெண்டு பேரும் இங்கேயே செத்தோம்."

"ஒங்கள எப்புடி மச்சான் நான்..."

இவர்கள் என்ன பேசுகிறார்கள் என்று கர்னல் கேட்டார். மன்னிப்புக் கேட்கிறான், காவலர் மறுக்கிறார் என்றார் விஸ்வலிங்கம். கர்னலின் கை வாளுக்குப் போனது.

"அடிடா!"

பக்கிரிசாமி பாறையிலிருந்து குதித்தான். அவன் கை வருவதைப் பழனியப்பன் பார்த்தார். மரம் வெட்டிப் பழகிய கை. அடுத்து அவருக்குத் தெரிந்தது சேற்றின் ருசிதான். காதுக்குள் ஏதோ கூவியது. அது ஊரா, தன் காதா என்று தெரியவில்லை.

எழுந்து நின்று, காவலருக்கு இடுப்புவரை குனிந்து வணங்கினார். "அரிகாத்தோ," என்று ரத்தம் கசிந்த வாயால் ஜப்பானிய மொழியில் நன்றி சொன்னார்.

கர்னலின் முகத்தில் முதன்முறையாக ஓர் அசைவு தெரிந்தது. தீவு முழுவதிலும் தாம் கண்ட மிகச் சிறந்த அறை இதுதான் என்று அவர் சொன்னார். உடனே ஹமாசாகி புதிய விதியை அறிவித்தார். ஒவ்வொரு வாரமும் பாதையின் முடிவில், ஊர் மக்கள் சார்பாக, முன்மாதிரி நடையர் காவலரிடம் முன்மாதிரியாக ஓர் அறை வாங்கிக்கொள்வார். பிறகு கர்னல் தவிர எல்லோரும், விஸ்வலிங்கம் உட்பட, கோணி கட்டிய பக்கிரிசாமிக்கு வரிசையாகக் குனிந்து வணங்கி, கிழங்கை அவன் காலடியில் வைத்தார்கள். யூசுப் தம் பொட்டலத்தைக் குவியலின் அடியில் செருகிவிட்டு நகர்ந்தார். பக்கிரிசாமி யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடித்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றான்.

இறங்கும் வழியில் விஸ்வலிங்கம் பழனியப்பன் பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டார்.

"அவன் உமக்கு என்ன முறை?"

"மச்சினனுங்க ஐயா."

"இல்லை. அவன் எனக்குக் கீழ வேலை செய்யிற ஆள். விளங்குதோ?"

"விளங்குதுங்க."

"நாளையில இருந்து அரிசி அவனுக்குப் போகும். பாதி."

"பாதியாங்க?"

"முழுக்க அனுப்பினால் சனத்துக்குச் சந்தேகம் வரும், ஐசே."

பழனியப்பன் வீடு வந்து சேர்ந்தபோது சாயங்காலம். மீனாட்சி வாசலிலேயே நின்றிருந்தாள். அவருடைய கன்னம் வீங்கி, ஒரு கண் பாதி மூடியிருந்தது. அவள் உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, உப்பைத் துணியில் கட்டிச் சூடுகாட்டினாள்.

"எந்தச் சிப்பாய்ங்க அடிச்சது?"

"சிப்பாய் இல்ல."

"பின்ன? அந்தக் கர்னலா?"

"பக்கிரி."

துணியோடு அவள் கை நின்றது. நடந்ததையெல்லாம் அவர் சொன்னார். பிறகு அவர் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, கன்னத்தை உற்றுப் பார்த்தாள். பதிந்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"பலமாவா அடிச்சான்?"

"கீழ விழுந்துட்டேன் புள்ள."

"கீழயே விழுந்துட்டீங்களா!" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. "அப்ப ஒடம்புல தெம்பு இருக்கு அவனுக்கு."

"இருக்கு, இருக்கு," என்றார் பழனியப்பன் தாடையைப் பிடித்துக்கொண்டு. "வாராவாரம் இப்புடி வாங்கணும்னு உத்தரவு ஆயிருச்சு."

மீனாட்சி துணியை மறுபடி சூடுகாட்டி, மெதுவாக அவர் கன்னத்தில் வைத்தாள்.

"வாங்கிட்டு வாங்க," என்றாள். "நான் பாத்துக்குறேன்."